புது எஞ்சினும் பழைய பற்களும்

முள் ஏன் நகரவில்லை?

கிணற்றடியில் 3 குதிரைச் சக்தி மோட்டார் இருந்த இடத்தில் 5 குதிரைச் சக்தி மோட்டாரை வைத்தால், கிணற்றில் ஊற்று இருக்கும் வரையில், வாய்க்காலில் தண்ணீர் கூடுதலாக ஓடுவதைக் காண்கிறோம். ஆகவே, பழைய மோட்டார் வாகனம் ஒன்றின் எஞ்சினைக் கழற்றி வைத்துவிட்டு, அதைவிட ஒன்றரை மடங்கு சக்தியுள்ள புதிய எஞ்சினை அதே இடத்தில் அமர்த்தினால், வண்டியும் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வேகத்தில் பறக்க வேண்டும் என்று எண்ணுவது, பௌதிகம் படியாதவர் மட்டுமல்ல, படித்தவரும் அவசரத்தில் செய்துவிடக்கூடிய அனுமானமேயாகும்.

இங்கிலாந்தில் பழைய லாண்ட் ரோவர் வண்டிகளை வைத்துக்கொண்டு, வாரக் கடைசியில் கையில் கிரீஸும் மனத்தில் உற்சாகமுமாகக் கொட்டகைக்குள் புகுந்துவிடுகிற பிரகிருதிகள் ஏராளமாக உண்டு. அவர்களிடையே நெடுங்காலமாக நடந்துவரும் ஒரு காரியம், 70 குதிரைச் சக்தியுள்ள பழைய பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு, 111 குதிரைச் சக்தியுள்ள பிற்கால டீசல் எஞ்சினைப் பொருத்துவது. பொருத்தி முடித்து, முதல் முறையாகச் சமதளச் சாலையில் வண்டியை விரட்டிப் பார்க்கும்போது அவர்கள் காண்பது என்ன? எஞ்சின் காது செவிடுபட இரைகிறது. வேகங்காட்டும் முள்ளோ, முன்பு எந்த இடத்தில் நின்றதோ அந்த இடத்திலிருந்து ஏதோ மரியாதைக்கு அசைந்து கொடுத்தாற்போல் சற்றே நகர்ந்து நின்றுவிடுகிறது. ஆனால் அதே வண்டியை மலைப்பாதையில் ஏற்றினாலோ, பழைய எஞ்சின் மூன்றாம் கியருக்கும் இரண்டாம் கியருக்கும் இறங்கி மூச்சு வாங்கிய அதே ஏற்றத்தை, இந்தப் புது எஞ்சின் மேல் கியரிலேயே, ஒன்றும் நடவாதது போல் ஏறி முடித்துவிடுகிறது.

மலையில் இருந்த 41 அதிகப்படிக் குதிரைகள் சமவெளியில் எங்கே போயின? இந்த அத்தியாயத்தின் விஷயம் அதுதான்.

இரண்டு எஞ்சின்கள், ஒரே வமிசம்

ரோவர் கம்பெனியின் தலைமைப் பொறியாளராக இருந்த மாரிஸ் வில்க்ஸ் 1947-இல் மனத்தில் உருவாக்கி, 1948 ஏப்ரல் 30-ஆம் தேதி ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் உலகத்துக்குக் காட்டப்பட்ட வண்டி லாண்ட் ரோவர். யுத்தத்திற்குப் பின் எஃகுக்குப் பஞ்சம் இருந்தபடியால் அதன் உடலை அலுமினியக் கலவைத் தகட்டால் செய்தார்கள்; அந்தப் பஞ்சத்தின் புண்ணியத்தால்தான் பல வண்டிகள் மேனி துருப்பிடியாமல் இன்றும் ஓடுகின்றன. அடியிலிருக்கும் சட்டம் எஃகு. அதன் கதை வேறு, துக்ககரமானது. நமக்கு வேண்டியது 1971 முதல் 1985 வரை வெளிவந்த மூன்றாம் வரிசை, அதாவது சீரிஸ் 3 என்ற வண்டி. அதில் இருந்த பெட்ரோல் எஞ்சின் 2,286 சி.சி. கொள்ளளவுடையது, 1958-லிருந்தே வழக்கில் இருந்துவந்த கிழம்.

அதற்குப் பதிலாக வருகிற எஞ்சின் 1989-இல் டிஸ்கவரி என்ற வண்டியோடு பிறந்த ‘200 டிடிஐ’ என்னும் 2,495 சி.சி. டீசல். முப்பது வருஷ இடைவெளியில் பிறந்தவையாயினும் இரண்டின் சிலிண்டர் விட்டமும் 90.47 மில்லிமீட்டர் என்பதைக் கவனித்தால், இவை அன்னியரல்லர், பாட்டனும் பேரனுமே என்பது விளங்கும். பழைய எஞ்சினின் வார்ப்பு வமிசத்திலிருந்து படிப்படியாக வளர்ந்து வந்தது இந்த டீசல். பிஸ்டன் மேலும் கீழும் ஓடும் தூரம் மட்டும் 88.9 மில்லிமீட்டரிலிருந்து 97 ஆக நீண்டிருக்கிறது. அதனால்தான் பழைய கியர் பெட்டியின் முகத்தில் இந்தப் புது எஞ்சின், சில போல்ட்டுகளை இடம் மாற்றுவது போன்ற சில்லறை வேலைகளோடு, வந்து பொருந்திவிடுகிறது. வேறு கம்பெனி எஞ்சினாக இருந்தால் இரண்டுக்கும் இடையே தனியாக ஒரு இணைப்புத் தகடு கடைந்தெடுக்க வேண்டியிருக்கும். அது ஒரு மயிரிழை கோணிப்போனாலும் கிளட்சும் அதன் பின்னுள்ள தண்டும் சில மாதங்களில் பதில் சொல்லிவிடும்.

இந்தக் காரியத்தை இருதய மாற்றுச் சிகிச்சை என்று வர்ணிப்பது வழக்கமாகிவிட்டது. எனக்கு அந்த உவமை திருப்திகரமாகத் தோன்றவில்லை. மாற்றப்பட்ட இருதயம் பழைய இருதயத்தின் வேலையையே செய்கிறது. இங்கே வந்திருப்பதோ வேறு சுபாவம் படைத்த ஜீவன். மருமகள் வீட்டுக்கு வந்தாற்போல என்று சொன்னால் சற்றுப் பொருந்தும். வந்தவள் மாறுவாளா, வீடு மாறுமா என்பதே அப்புறம் கேள்வி.

டீசலின் சுபாவம்

சைக்கிள் டியூபுக்குக் காற்றடித்தவர்கள், பம்பின் அடிப்பாகம் சுடுவதைத் தொட்டுப் பார்த்திருப்பார்கள். காற்றைச் சிறிய இடத்தில் அடக்கினால் அதன் உஷ்ணம் ஏறுகிறது. டீசல் எஞ்சினின் ரகசியம் முழுவதும் இந்த ஒரு அனுபவத்துக்குள் அடக்கம். பெட்ரோல் எஞ்சினில் காற்றும் பெட்ரோல் ஆவியும் கலந்து உள்ளே வந்து, சுமார் எட்டில் ஒரு பங்காக அமுக்கப்பட்டு, பிளக்கின் தீப்பொறியால் பற்றுகின்றன. நம் டீசலிலோ வெறும் காற்று மட்டும் வந்து, 19½-இல் ஒரு பங்காக நெருக்கப்படுகிறது. அவ்வளவு நெருக்கியதும் அந்தக் காற்று, டீசல் எண்ணெய் தானே பற்றி எரியக்கூடிய சூட்டை அடைந்துவிடுகிறது. அந்தச் சமயம் பார்த்து நாசிலின் வழியாக எண்ணெயைப் பனித்தூவலாகப் பீச்சுகிறார்கள். தீப்பொறிக்கு வேலையில்லை.

இத்தனை அமுக்கத்தைத் தாங்குவதற்காகப் பாகங்கள் கனமாகச் செய்யப்படுகின்றன. கனமான பாகங்கள் மிக விரைவாக ஆட விரும்புவதில்லை. பீச்சிய எண்ணெய் காற்றோடு கலந்து எரிவதற்கும் கொஞ்சம் அவகாசம் தேவை. ஆகையால் டீசல் நிதானப் பிரகிருதி. நிதானத்தில் இழந்ததை ஈடுசெய்ய, டர்போ என்னும் காற்றூதியை வைத்தார்கள். வீணாக வெளியேறும் புகையின் வேகத்தில் ஒரு சிறு சக்கரம் சுழல, அதே தண்டின் மறுமுனையிலுள்ள மற்றொரு சக்கரம் வெளிக்காற்றைப் பிடித்து எஞ்சினுக்குள் திணிக்கிறது. டார்ஜிலிங் பக்கம் மானேபஞ்ஜங்கிலிருந்து 3,636 மீட்டர் உயரமுள்ள சந்தக்பூவுக்கு இன்றும் ஏறிக்கொண்டிருக்கும் பழைய லாண்ட் ரோவர்களின் நிலைமையை எண்ணிப் பார்த்தால் இந்தத் திணிப்பின் அருமை தெரியும்: அந்த உயரத்தில் காற்று, கடல்மட்டத்துக் காற்றைவிட ஏறக்குறைய 30 சதவிகிதம் மெலிந்தது, தானாக மூச்சுவிடும் எஞ்சினுக்கு அந்த அளவு பலமும் குறையும்.

சாலும் சாலின் எண்ணிக்கையும்

இனி நம் புதிருக்கு வருவோம். கவலை ஏற்றத்தில் மாடுகள் இறங்கி வர, கிணற்றிலிருந்து சால் மேலே வந்து தண்ணீரைத் தொட்டியில் கொட்டுவதைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒரு மணி நேரத்தில் எவ்வளவு தண்ணீர் இறைக்கப்பட்டது என்பது இரண்டு சங்கதிகளைப் பொறுத்தது: சாலின் அளவு ஒன்று, மணிக்கு எத்தனை சால் என்பது மற்றொன்று. சிறு சாலைச் சுறுசுறுப்பான மாடுகளைக் கொண்டு முப்பது முறை இழுப்பதும், இரட்டைப் பருமனுள்ள சாலை நிதானமான மாடுகளைக் கொண்டு பதினைந்து முறை இழுப்பதும் தொட்டிக்கு ஒன்றே. ஆனால் மாடுகளுக்கு ஒன்றல்ல, கயிற்றுக்கும் ஒன்றல்ல.

எஞ்சினின் தண்டு ஒருமுறை திரும்புகையில் எவ்வளவு பலத்தோடு முறுக்குகிறதோ அதை முறுக்குவிசை என்று சொல்லலாம். இதுதான் சாலின் அளவு. நிமிஷத்துக்கு எத்தனை சுற்று என்பது சாலின் எண்ணிக்கை. இரண்டையும் பெருக்கி வருவதே குதிரைச் சக்தி, அதாவது தொட்டியில் விழுந்த தண்ணீர். கடையில் எஞ்சின் விலை பேசுகிறவர் குதிரைச் சக்தியை மட்டுமே கேட்பதால்தான் பாதிக் குழப்பமும் உண்டாகிறது; தண்ணீர் எவ்வளவு என்று கேட்டவர், எந்தச் சால் என்று கேட்க மறந்துவிடுகிறார்.

ஒரு மீட்டர் நீளமுள்ள கம்பியைத் தண்டில் குறுக்காகப் பொருத்தி, அதன் நுனியில் எடையைத் தொங்கவிட்டுப் பார்ப்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். பழைய பெட்ரோல் எஞ்சின் தன் முழுப் பலத்தோடு முறுக்கும்போது சுமார் 16½ கிலோ எடையைத் தாங்கும். புது டீசல் 27 கிலோவைத் தாங்கும். அதுவும் நிமிஷத்துக்கு வெறும் 1,800 சுற்றிலேயே. பெருக்கிப் பார்த்தால் அந்த 1,800 சுற்றிலேயே அது 67 குதிரைச் சக்தியைக் கொடுத்துவிடுகிறது. பழைய எஞ்சின் தன்னுடைய 70 குதிரைகளைச் சேர்த்துக் கொண்டுவர 4,000 சுற்றுச் சுற்றித் தவிக்க வேண்டியிருந்தது என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

மலையில் மேல் கியரிலேயே ஏறிய அதிசயம் இப்போது அதிசயமல்ல. ஏற்றத்தில் வேகம் தணியத் தணிய எஞ்சினின் சுற்றும் தணிகிறது. தணிந்த சுற்றிலும் பெரிய சால் கையில் இருப்பதால் புது எஞ்சின் கீழ்க் கியரைத் தேடவில்லை.

பற்களின் கணக்கு

சமவெளி விஷயத்துக்குக் கொஞ்சம் கணக்கு வேண்டும். பெருக்கலும் வகுத்தலும் போதும். எஞ்சின் எத்தனை சுற்றுச் சுற்றினால் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும் என்ற எண்ணைப் பல் விகிதம் என்று அழைப்போம். சீரிஸ் 3 வண்டியில் மேல் கியர் எனப்படும் நான்காவது கியரில், கியர் பெட்டிக்குள் வித்தியாசம் எதுவும் இல்லை, ஒன்றுக்கு ஒன்று. அதன் பின்னாலிருக்கும், பலத்தை முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் அனுப்புகிற இரண்டாவது பெட்டியில், சாதாரணச் சாலைக்கான நிலையில், 1.148. கடைசியாக ஆக்ஸிலின் நடுவே, மெக்கானிக்குகள் கிரவுன்-பினியன் என்று சொல்லும் பெரிய பற்சக்கரமும் சிறிய பற்சக்கரமும் கூடும் இடத்தில், 4.7. இவற்றைப் பெருக்கினால் மொத்தம் 5.4 வருகிறது. எஞ்சின் 5.4 சுற்று, சக்கரம் ஒரு சுற்று.

இந்த வண்டிக்கு வழக்கமாகப் போடும் பெரிய டயர் ஒருமுறை உருண்டால் ஏறக்குறைய 2.35 மீட்டர் தூரம் நகரும். பழைய எஞ்சின் தன் உச்சச் சக்தியைக் கொடுப்பது 4,000 சுற்றில். 4,000-ஐ 5.4-ஆல் வகுத்தால் சக்கரத்துக்கு நிமிஷத்தில் 740 சுற்று, அதை 2.35-ஆல் பெருக்கினால் 1,740 மீட்டர். மணிக்கு 104 கிலோமீட்டர்.

புது எஞ்சின் தன் உச்சச் சக்தியான 111 குதிரைகளைக் கொடுப்பது எத்தனை சுற்றில் என்று நினைக்கிறீர்கள்? அதுவும் 4,000 சுற்றிலேதான்! அதைக் கடந்து சிறிது தூரம் போவதற்குள்ளேயே எரிபொருள் பம்பிலுள்ள கவர்னர் எண்ணெயை ஒடுக்கிவிடும். பற்கள் மாறாதபோது 4,000 சுற்றுக்கு 104 கிலோமீட்டர் என்ற கணக்கும் மாறாது. அந்தச் சுற்றில் தண்டை முறுக்குவது கிழவனா, பேரனா என்பதைப் பற்றிப் பற்களுக்கு என்ன கவலை? சால் பெரிதாயிற்றே தவிர, மாடுகளின் நடையோ பாதையின் நீளமோ மாறவில்லை.

சுகமாகப் பிரயாணம் செய்ய 4,000 சுற்று உகந்ததுமல்ல. இத்தகைய டீசல் மனமகிழ்ச்சியோடு நாள் முழுவதும் ஓடக்கூடிய 2,500 சுற்றில், பழைய பற்களோடு, வண்டி போகும் வேகம் 65 கிலோமீட்டர். அதே எஞ்சின் தன் சொந்த வீடான டிஸ்கவரியில், தனக்கென்று அமைந்த ஐந்து கியர் பெட்டியோடு, அதே 2,500 சுற்றில் 100 கிலோமீட்டரைத் தாண்டி ஓடுகிறது. அங்கே ஐந்தாவது கியரின் விகிதம் 0.77, இரண்டாவது பெட்டி 1.222, ஆக்ஸில் 3.54, மொத்தம் 3.33. எஞ்சின் பாதியென்றால் மற்றப் பாதி அந்த 3.33.

காற்று விதிக்கும் வரி

அப்படியானால் பற்களைத் தக்கபடி மாற்றிவிட்டால் சக்தி உயர்ந்த அளவுக்கு வேகமும் உயருமா? உயராது. சமதளத்தில் விரைந்து செல்லும் வண்டிக்கு முதல் சத்துரு காற்று. வேகம் இருமடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகிறது. அந்த நான்கு மடங்கு எதிர்ப்பை இருமடங்கு வேகத்தில் தள்ளிச் செல்ல வேண்டியிருப்பதால் சக்தி எட்டு மடங்கு தேவைப்படுகிறது. இதைத் திருப்பிப் படித்தால், 70 குதிரைச் சக்தியை 111 ஆக உயர்த்தியதற்குக் காற்று அனுமதிக்கும் வேக உயர்வு ஏறக்குறைய 17 சதவிகிதமே: 104 கிலோமீட்டர் 122 ஆகலாம். அலமாரியைப் படுக்கவைத்து நான்கு சக்கரம் பூட்டியது போன்ற முகவெட்டுள்ள இந்த வண்டிக்கு, அதன் பழைய டிரம் பிரேக்குகளையும் இரும்புப் பட்டை ஸ்பிரிங்குகளையும் உத்தேசித்துப் பார்த்தால், அதுவே அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

உண்மையான லாபம் வேறிடத்தில் இருக்கிறது. முன்பு 4,000 சுற்றில் அலறிக்கொண்டு எட்டிய வேகத்தை 3,000 சுற்றில் பேச்சுச் சத்தம் கேட்கும்படி எட்டலாம். லிட்டருக்கு 6 கிலோமீட்டரை ஒட்டி ஓடிய வண்டி 10-ஐ நெருங்கும்.

மூன்று வழிகள்

சிக்கனமான வழி, ஓவர்டிரைவ் என்ற சிறு பெட்டி. ஃபேரி என்ற கம்பெனி இந்த வண்டிக்கென்றே செய்தது. இரண்டாவது பெட்டியின் பின்புறத்தில் பொருந்தி, பல் விகிதத்தை 0.782-ஆல் பெருக்கிக் கொடுக்கும். 5.4 என்பது 4.22 ஆகும். பழைய எஞ்சினை மனத்தில் வைத்துச் செய்த சாதனமாகையால், புது எஞ்சினின் பெரிய சாலோடு சேரும்போது அதைப் பதமாக நடத்த வேண்டும்.

இரண்டாவது வழி, முன் ஆக்ஸிலிலும் பின் ஆக்ஸிலிலும் உள்ள 4.7 பற்களை எடுத்துவிட்டு, டிஸ்கவரியின் 3.54 பற்களை வைப்பது. மொத்தம் 4.06 ஆகிறது, 2,500 சுற்றில் 87 கிலோமீட்டர். காற்று அனுமதிக்கும் உச்சமாகிய 122 கிலோமீட்டர் 3,500 சுற்றை ஒட்டி வந்து விழுகிறது. கணக்கு இவ்வளவு லட்சணமாக அமைந்துவிடுவது தற்செயல் அல்ல. இந்த எஞ்சினும் 3.54 பற்களும் டிஸ்கவரியில் ஒன்றாகவே வாழ்ந்தவை.

மூன்றாவது வழி, எஞ்சினோடு அதன் ஐந்து கியர் பெட்டியையும் இரண்டாவது பெட்டியையும் சேர்த்தே கொண்டுவந்துவிடுவது. பெண்ணோடு சீர்வரிசையும் வருகிறபடியால் இது மிகவும் முறையான ஏற்பாடாகத் தோன்றும். நம் நாட்டிலும், 1950-களின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் உடலைச் சுமந்து வந்த அம்பாஸடர், 1990-களின் தொடக்கத்தில் இஸுஸு வமிசத்து 1,800 சி.சி. பெட்ரோல் எஞ்சினை ஏற்றபோது, ஐந்து கியர் பெட்டியையும் கூடவே ஏற்றுக்கொண்டது. தொழிற்சாலைக்காரர்கள் இந்தக் கணக்கை அறிந்தே செய்தார்கள். ஆனால் லாண்ட் ரோவர் விஷயத்தில் இந்த வழியில் ஒரு கண்ணி இருக்கிறது. அது வெளிக்குத் தெரியாத கண்ணி.

டிஸ்கவரியின் இரண்டாவது பெட்டி நான்கு சக்கரங்களையும் சதா சர்வகாலமும் ஓட்டுகிறது. சீரிஸ் 3 வண்டியிலோ, சேற்றிலும் மணலிலும் மட்டுமே ஓட்டுநர் முன்சக்கரங்களுக்குப் பலம் அனுப்பிக்கொள்வார்; சாலையில் பின்சக்கரங்கள் மட்டும் வேலை செய்யும். முன்சக்கரம் பலத்தை வாங்கவும் வேண்டும், திரும்பவும் வேண்டும்; ஆகவே அதன் தண்டில் ஒரு மூட்டு அவசியம். சீரிஸ் 3-இல் இருப்பது நம் பட்டறைகளில் கிராஸ் ஜாயின்ட் என்று சொல்லப்படும், இரண்டு கவைகளைச் சிலுவை வடிவத் துண்டொன்று கோத்துப் பிடிக்கிற, ராபர்ட் ஹூக் என்ற பதினேழாம் நூற்றாண்டு விஞ்ஞானியின் பெயரைத் தாங்கிய மூட்டு. இதற்கு ஒரு விசித்திரமான குணமுண்டு. நேராக இருக்கும்போது இரு தண்டுகளும் ஒன்றுபோலவே சுழலும். மடங்கினாலோ, முதல் தண்டு சீராகச் சுழன்றாலும், இரண்டாவது தண்டு ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை முந்தி இருமுறை பிந்தும். 30 பாகை மடங்கினால் இந்த முந்துதல் சுமார் 15 சதவிகிதம், பிந்துதல் 13.

சேற்றில் இந்தக் குலுங்கல் டயரின் வழுக்கலில் கரைந்துபோகும். தார்ச் சாலையில், நாற்சந்தி தோறும் ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்பும்போது, நான்கு சக்கரங்களும் ஓடிக்கொண்டேயிருந்தால் அந்தத் துள்ளல் கைக்குத் தெரியும், மூட்டும் தேயும். ஆகையால் டிஸ்கவரியின் பெட்டிகளைக் கொண்டுவருகிறவர், சீரான சுழற்சி தரும் மூட்டுகளையுடைய அதன் ஆக்ஸில்களையும் கொண்டுவர வேண்டியவராகிறார். ஆக்ஸில் வந்தால் ஸ்பிரிங், ஸ்பிரிங் வந்தால் சட்டம்... கடைசியில் பழைய வண்டியில் பழையதாக மிஞ்சுவது கதவும் கண்ணாடியும்தான். அப்படியும் செய்திருக்கிறார்கள், அதைப் பழைய வண்டி என்று அழைக்க எனக்கு நா எழவில்லை.

கயிறு அறும் இடம்

சாலின் அளவைப் பெரிதாக்கினால் கயிறு அறும் அபாயம் உண்டு என்று முன்பே ஜாடையாகச் சொன்னேன். சீரிஸ் 3-இல் அந்தக் கயிறு பின் ஆக்ஸில் ஷாஃப்ட்: கிரவுன் சக்கரத்திலிருந்து டயர் வரை பலத்தைக் கொண்டுபோகும் எஃகுத் தண்டு. பழைய பெட்ரோல் எஞ்சினிடமே உடைந்து கெட்ட பெயர் வாங்கியது அது.

மலைச்சேற்றுக்கான மிகக் கீழ்க் கியரைக் கணக்கெடுத்துப் பார்ப்போம். முதல் கியர் 3.68, இரண்டாவது பெட்டியின் கீழ்நிலை 2.35, ஆக்ஸில் 4.7, பெருக்கினால் 40.6. எஞ்சினின் முறுக்குவிசை, உராய்வில் போகிறதை ஒதுக்கிவிட்டால், 40.6 மடங்காகப் பெருகி ஆக்ஸில்களை வந்து அடைகிறது. பழைய எஞ்சினின் 16½ கிலோ, ஒரு மீட்டர் கம்பியின் நுனியில், 670 கிலோவாக நின்றது. புது எஞ்சினின் 27 கிலோவோ ஏறக்குறைய 1,100 கிலோவாக நிற்கும். டயர் வழுக்கிவிட்டால் தண்டு பிழைத்துக்கொள்ளும். டயர் பாறையைக் கவ்விக்கொண்டிருக்கும் வேளையில் கிளட்சைப் படீரென்று விட்டால் பிழைக்காது.

இங்கேதான் 3.54 பற்கள் எதிர்பாராத உபகாரம் ஒன்றைச் செய்கின்றன. அவற்றைப் போட்டால் 40.6 என்பது 30.6 ஆகக் குறைகிறது. 27 கிலோ அதன் மூலம் 826 கிலோவாகிறது. பழைய வண்டி இழுத்ததைவிட இது அதிகமே. ஆயினும் 1,100 அல்ல. வேகத்துக்காகச் செய்த மாறுதல் தண்டையும் ஓரளவு காப்பாற்றுகிறது. இதற்கு விலை இறக்கத்தில் செலுத்தப்படுகிறது: எஞ்சின் 750 சுற்றில் முனகிக்கொண்டிருக்க, மணிக்கு 2.6 கிலோமீட்டரில் ஊர்ந்து இறங்கிய வண்டி, இப்போது 3.5-இல் இறங்கும். தாத்தாவின் நடை அப்பாவின் நடையாயிற்று. செங்குத்தான சரிவில் இந்த வித்தியாசம் சிறிதல்ல.

சில்லறைச் சங்கதிகள்

டிஸ்கவரி எஞ்சினின் டர்போ தாழ்வாக உட்கார்ந்திருப்பதால் பழைய வண்டியின் சட்டத்தில் இடிக்கும். அதே கம்பெனியின் டிஃபெண்டர் என்ற வண்டிக்குச் செய்த, டர்போவை உயரத்தில் தாங்கும் குழாயைத் தேடிப் பிடித்தால் தொல்லையில்லை. நாசில்களில் மிஞ்சும் எண்ணெய் டாங்கிக்குத் திரும்புவதற்கு இன்னொரு குழாய் வேண்டும். பெட்ரோல் வண்டியில் அது கிடையாது. பெட்ரோல் எஞ்சின் காற்றை உறிஞ்சும் வழியில் ஒரு தடுப்பிதழ் இருப்பதால் அங்கே உண்டாகும் வெற்றிடத்தைக் கொண்டு பிரேக்குக்கு உதவி வாங்கிக்கொள்வார்கள். டீசலில் அந்த இதழ் இல்லாததால் வெற்றிடமும் இல்லை. அதற்கென்று தனிப் பம்பு எஞ்சினோடு வருகிறது, அதை மறவாமல் இணைக்க வேண்டும். மறந்தவர் முதல் இறக்கத்தில் நினைவுகூர்வார்.

மின்சார வேலை மட்டும் ஆச்சரியப்படும்படி குறைவு. புறப்படும்போது சூடேற்றும் ஹீட்டர் பிளக்குகளையும் ஸ்டார்ட்டரையும் சார்ஜையும் தவிர்த்தால், ஓடுவதற்கு இந்த எஞ்சினுக்கு வேண்டியது ஒரே ஒரு கம்பி: சாவியைத் திருப்பினால் எண்ணெயைத் திறந்துவிட்டு, சாவியை எடுத்தால் அடைத்துவிடுகிற வால்வுக்குப் போகும் கம்பி. 1998-இல் இந்த இடத்துக்கு வந்த டிடி5 எஞ்சின், எப்போது, எவ்வளவு எண்ணெய் பீச்சுவது என்பதைக் கணிப்பொறி ஒன்றைக் கேட்டே செய்கிறது. அதைப் பழைய வண்டிக்குள் வைப்பவர் எஞ்சினோடு அதன் மூளையையும் நரம்புகளையும் சேர்த்துக் கொண்டுவந்தாக வேண்டும்.

மறுபடியும் முள்

எல்லாம் முடிந்து, 3.54 பற்களோடு அதே சமதளச் சாலைக்கு வண்டியைக் கொண்டுபோகிறவருக்கு இன்னொரு ஏமாற்றம் காத்திருக்கிறது. எஞ்சின் அமைதியாக ஓடுகிறது. மரங்கள் விரைவாகப் பின்னோடுகின்றன. முன்பு தாண்டிச் சென்ற கார்களோடு இப்போது சமமாகப் போகிறோம். முள்ளோ 75-இல் நிற்கிறது.

வேகங்காட்டிக்குப் போகும் கேபிள் சக்கரத்திலிருந்து வருவதில்லை. ஆக்ஸிலுக்கு முன்னால், இரண்டாவது பெட்டியின் வெளித்தண்டிலிருந்து வருகிறது. அந்தத் தண்டு 4.7 முறை சுற்றினால் சக்கரம் ஒருமுறை சுற்றும் என்று தொழிற்சாலையில் கற்றுக்கொண்டதையே அது இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறது. 75-ஐ 4.7-ஆல் பெருக்கி 3.54-ஆல் வகுத்துப் பார்த்தால் வண்டி உண்மையில் போய்க்கொண்டிருக்கும் வேகம் மணிக்கு 100 கிலோமீட்டர்.